புதுப்பிப்பு: சிறிய கடல்நீர்த் தொட்டிக்கான புரோட்டீன் ஸ்கிம்மர்

கிருஷ்ணகிரியில் உள்ள எங்கள் வீட்டின் 80 லிட்டர் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த ஸ்கிம்மர் (நுண்குமிழ்களால் நுரை எழுப்பி, நீரில் கரைந்த கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். அடியில் சம்ப் (இத்தகைய கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி) வைக்க இடமில்லாததால், தொட்டியின் விளிம்பில் மாட்டும் வகையையே வாங்கிப் பொருத்திவிட்டேன். புதுக் கருவியின் உட்சுவரில் கழிவுப் படலம் படியும் வரை நுரை நிலைப்படாது என்று பலரும் எச்சரித்தது முற்றிலும் உண்மை. அந்த நாட்களில் நுரையின் உயரத்தை மாற்றும் திருகை அடிக்கடி தொடாமல், சிறிதளவு திருப்பிவிட்டுச் சில மணி நேரம் காத்திருந்து பார்ப்பதே சரியான முறை.

இப்போது நுரை கருவியின் கழுத்துக் குழாயின் மேல்விளிம்பில் உடைந்து, கழிவு சேரும் கிண்ணத்தில் டிக்காஷன் நிறத்தில் நாற்றமடிக்கும் நீர் சேர்கிறது. அதைக் காணும்போது மனம் நிறைகிறது. கழுத்தில் வழுவழுப்பு படிந்தால் நுரை ஏறாமல் நின்றுவிடுவதால், வாரம் இருமுறை துடைக்கிறேன்.

நம் ஊர்க் கோடையில் நீர் வேகமாக ஆவியாகி மட்டம் இறங்குவதால் நுரையும் இறங்கிவிடுகிறது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், உப்புக் கலக்காத ஆர்.ஓ. நீரைத் தினமும் ஊற்றி, ஒப்படர்த்தியை (நீரின் உப்பளவைக் காட்டும் எண்) 1.025 அளவில் வைத்திருக்கிறேன். மீனுக்கு எண்ணெய்ப் பசையுள்ள உணவு போட்டபின் நுரை சற்று நேரம் அடங்குவது இயல்பு. அதற்காகத் திருகைத் தொட வேண்டாம்.