சந்தக்ஃபூவுக்கு நான் எடுத்துட்டுப் போன கத்தியும் விரல்ல வாங்கின வெட்டும் - உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

போன மாசம் ஒரு தம்பி கேட்டிருந்தாரு, அஞ்சாறு நாள் மலையில நடக்கப் போறேன் என்ன கத்தி வாங்கலாம்னு, ஆளாளுக்கு ஒரு பிராண்ட் சொன்னீங்க, நான் அன்னிக்கு எதுவும் எழுதல. எனக்கு இடது கை ஆள்காட்டி விரல்ல ஒரு தழும்பு இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு சொன்னாலே பாதி பதில் கெடச்சிரும்னு நெனக்கிறேன், அதான் தனியா எழுதுறேன்.

நவம்பர்ல சந்தக்ஃபூ போனோம், டார்ஜிலிங் பக்கம், மேற்கு வங்காளத்துலயே உயரமான இடம், 3636 மீட்டர். மானேபஞ்சன்ல ஆரம்பிச்சு தும்லிங், காலிபோக்ரி, சந்தக்ஃபூ, பாலுட், கோர்க்கேன்னு ஆறு நாள் நடை. சிங்கலிலா மலைமுகடு மேலயே பாதை போகுது, ஒரு பக்கம் இந்தியா ஒரு பக்கம் நேபாளம், ராத்திரி தங்குற தும்லிங்கே நேபாளத்துக்குள்ள தான் இருக்கு. கோயமுத்தூர்லேர்ந்து கெளம்பும்போது நான் ரெண்டு கத்தி எடுத்து வச்சிருந்தேன். ஒண்ணு முதுகுல ரம்பப் பல்லு வச்சு, பிடிக்குள்ள திசைகாட்டி நூல் ஊசியெல்லாம் அடைச்ச பெரிய கத்தி. இன்னொண்ணு ஆன்லைன்ல நானூறு ரூவாய்க்கு வாங்கின மடக்குக் கத்தி.

பெரிய கத்தி மானேபஞ்சனத் தாண்டவே இல்ல. அங்க கைடு இல்லாம உள்ள விட மாட்டாங்க, எங்க கைடு அண்ணன் பையக் கட்டும்போது அதைப் பாத்துட்டு இது உள்ள கூடாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. பாதை போறது சிங்கலிலா தேசியப் பூங்கா வழியா. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஆயுதம்ங்கிற பட்டியல்ல கத்தியும் சேந்து தான் இருக்கு, அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ளயோ தேசியப் பூங்காவுக்குள்ளயோ ஆயுதத்தோட போகக் கூடாது. இது எனக்கு அன்னிக்குத் தெரியாது. லாட்ஜ்லயே குடுத்து வச்சிட்டு நடந்தேன்.

ரெண்டாவது நாள் சாயங்காலம் காலிபோக்ரி. செம குளிர், விரல் மரத்துப் போச்சு. லாட்ஜ் அக்கா சுர்ப்பி குடுத்தாங்க, யாக் பால்ல செஞ்சு காயவச்ச பாலாடைக்கட்டி, கல்லு மாதிரி இருக்கும், அங்க இருக்கவங்க அதை வாயில ஒதுக்கி வச்சுகிட்டு மணிக்கணக்கா மெல்லுவாங்க. எனக்கு அதை நாலு துண்டாக்கி எல்லாருக்கும் குடுக்கணும்னு தோணிச்சு. மடக்குக் கத்தியோட நுனிய அதுல ஊனி அழுத்தித் திருப்பினேன். அந்தக் கத்திக்கு, தெறந்த அலக மடங்காம பிடிச்சு வைக்கிற லாக் கெடையாது, அலகு அப்படியே பின்னாடி மடங்கி விரல்ல எறங்கிருச்சு. மரத்துப் போன கைங்கிறதால வலியே தெரியல, மேஜையில சிந்தின ரத்தத்தப் பாத்த பிறகு தான் தெரிஞ்சுது.

கைடு அண்ணன் துணிய வச்சுப் பத்து நிமிஷம் விடாம அழுத்திப் பிடிச்சாரு. ரத்தம் நின்னுச்சு. அப்புறம் பஞ்சு வச்சு பிளாஸ்திரி ஒட்டணும், எட்டுப் பேர் இருக்கோம், யார்கிட்டயும் ஒரு கத்திரிக்கோல் இல்ல! எட்டுப் பேர் கிட்ட அஞ்சு கத்தி இருக்கு, கத்திரி இல்ல.

அப்ப அந்த அக்கா அடுப்படியிலேர்ந்து அவங்க குக்ரிய, அதான் நேபாளத்து வளைஞ்ச கத்திய, எடுத்துட்டு வந்தாங்க. நான் பயந்துட்டேன், அவ்ளோ பெரிய கத்திய வச்சு என்ன பண்ணப் போறாங்கன்னு. குக்ரி உறையோட பின்பக்கம் சின்னதா ரெண்டு கருவி சொருகி இருக்கும்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சுது. ஒண்ணு பேரு கர்தா, விரல் நீளத்துக்குக் குட்டிக் கத்தி. இன்னொண்ணு சக்மக், அதுக்குக் கூர் கெடையாது, குக்ரியோட விளிம்பத் தேச்சு நேராக்கவும் கல்லுல அடிச்சு நெருப்பு எடுக்கவும். கர்தாவ வெந்நீர்ல கழுவிட்டு, பிளாஸ்திரிய இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்புல அறுத்தாங்க. விறகு பொளக்குறதுக்குப் பெருசு, நுணுக்க வேலைக்குச் சிறுசுன்னு ஒரே உறைக்குள்ள வச்சிருக்காங்க, அந்த ஏற்பாடு என் மனசுல நல்லா பதிஞ்சிருச்சு.

அன்னிக்கு ராத்திரி அடுப்புகிட்ட உக்காந்து கைடு அண்ணன் சொன்னாரு, குக்ரி பெரும்பாலும் பழைய லாரிப் பட்டையில தான் அடிக்கிறாங்களாம். நம்ம ஊரு கொல்லுப் பட்டறையிலயும் அருவா அடிக்க அதே லாரிப் பட்டை தானேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பதம் வைக்கிற விதம் தான் வித்தியாசம், காய்ச்சின கத்திய முழுசா தண்ணியில முக்காம, டீ கெட்டிலோட மூக்கு வழியா கூர்ப்பக்கம் மட்டும் தண்ணி ஊத்திட்டே போவாங்களாம், அதனால விளிம்பு மட்டும் கெட்டியாகி முதுகு இளக்கமா நிக்கும், ஓங்கி வெட்டினாலும் ஒடியாது.

ஊருக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன், ஆறு நாள்ல நான் எதை எதை வெட்டினேன். நூடுல்ஸ் பாக்கெட், பிளாஸ்திரி, கொடிக்கயிறு, ஆப்பிள், பிஞ்சு போன ஷூ லேஸோட நுனி. அவ்ளோ தான். எதுக்குமே மூணு விரல் நீளத்துக்கு மேல அலகு தேவைப்படல. இப்ப நான் வச்சிருக்கிறது லாக் உள்ள ஒரு சின்ன மடக்குக் கத்தி, கூடவே ஒரு கத்திரி. நீங்க என்ன கொண்டு போனீங்க, என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

*

அண்ணா விரல் இப்ப நல்லா மடங்குதா? கத்திரி விஷயத்த நீங்க எழுதினது ரொம்ப சரி, நானும் அதைத் தான் சொல்ல வந்தேன். நான் நர்ஸா வேலை பாக்குறேன், அதனால எங்க போனாலும் ஆம்புலன்ஸ்ல வச்சிருப்பாங்களே நுனி மொட்டையா, வளைஞ்ச கத்திரி, அது பையில இருக்கும்.

உத்தராகண்ட்ல ஹர் கி தூன் போனப்ப, சாங்ரியிலேர்ந்து தாலுகா, ஒஸ்லா வழியா போற பாதை, கூட வந்த ஒரு பொண்ணு பனிக்கட்டியில வழுக்கி பாறையில முட்டி இடிச்சு விழுந்துட்டா. மேல தண்ணி புகாத பேன்ட், அதுக்குள்ள ஃப்லீஸ், அதுக்குள்ள தெர்மல், மூணுலயும் ரத்தம் ஊறி ஒட்டிகிச்சு, கால அசைக்க விடல, கழட்டவும் முடியாது. சுத்தி நின்னவங்க ஆளுக்கொரு கத்திய நீட்டுனாங்க. நடுங்கிட்டு இருக்குற கால் மேல, துணிக்கும் தோலுக்கும் நடுவுல, கூர்நுனிக் கத்திய எப்படிங்க விடுறது? இந்தக் கத்திரியோட கீழ் அலகு தட்டையா இருக்கும், தோல் மேலயே சறுக்கிட்டுப் போகும், குத்தாது. கணுக்கால்ல ஆரம்பிச்சு முட்டி வரைக்கும் மூணு துணியையும் சேத்து வெட்டிட்டு காயத்தக் கழுவிக் கட்டினேன். வெயிட்டும் ஒண்ணும் பெருசா இல்ல.

இன்னொண்ணு, கால்ல கொப்புளம் வந்தா ஒட்டுற டேப்பக் கையால கிழிச்சு ஒட்டாதீங்க. கத்திரியால வெட்டி நாலு மூலையையும் வட்டமா நறுக்கிட்டு ஒட்டுங்க, மூலை இருந்தா சாக்ஸ்ல உரசி ஒரு மணி நேரத்துல சுருண்டுரும்.

*

நான் நாகர்கோவில். எங்க பக்கம் கத்திய பிச்சாத்தின்னு தான் சொல்வோம். அகஸ்தியர்கூடம் போன கதையச் சொல்றேன், கேரளா வழியா, போனக்காடுலேர்ந்து. மொத நாள் அதிருமலை கேம்ப், மறுநாள் உச்சி, 1868 மீட்டர், ஏறிட்டு திரும்ப கேம்ப், மூணாம் நாள் எறக்கம். ஏறுறதுக்கு முன்னால பையெல்லாம் சோதிச்சாங்க, என் பிச்சாத்திய அங்கேயே வாங்கி வச்சிட்டு, வரும்போது வாங்கிக்கோன்னுட்டாங்க. எனக்குக் கொஞ்சம் மனசு கஷ்டமாத் தான் இருந்துச்சு, எங்க தாத்தா வச்சிருந்த கத்தி அது.

கூட வந்த வழிகாட்டி காணி சமுதாயத்துப் பெரியவரு. அவரு கையில வெட்டுக்கத்தி இருந்துச்சு. மூணு நாளும் அவரு அதை எப்பப்ப ஓங்கினாருன்னு நான் கவனிச்சிட்டே வந்தேன், சும்மா நிக்கிற செடி ஒண்ணக்கூட வெட்டல. பாதையில சாஞ்சு கெடந்த கொப்ப வெட்டி ஒதுக்கினாரு, அப்புறம் ஈத்தைங்கிற மெல்லிசு மூங்கில் காட்டுல ஏற்கனவே ஒடிஞ்சு கெடந்த ஈத்தைய எடுத்து மூணே வெட்டுல எனக்கு ஊணுகோல் ஆக்கிக் குடுத்தாரு, நுனியில சிராய் இல்லாம சீவி, கை புடிக்கிற எடத்துல கணுவத் தட்டி எடுத்து. அந்தக் கைப்பழக்கம் பொறந்ததுலேர்ந்து காட்டுல இருக்கவங்களுக்கு வர்றது. நான் அந்த வெட்டுக்கத்திய வாங்கியிருந்தா என் முழங்கால்ல தான் போட்டிருப்பேன்.

ஓடைப் பக்கம் அட்டை ஏறிச்சு. ஒரு பையன் பிளேடு வச்சு அறுக்கப் போனான், பெரியவரு கையத் தட்டி விட்டுட்டாரு. நகத்த அட்டையோட வாய்க்கு அடியில விட்டு தள்ளிவிட்டாப் போதும், விழுந்துரும். அதுக்குக் கத்தி வேண்டாம்.

*

அண்ணே, அந்தக் கேள்வி கேட்ட தம்பி நான் தான். எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லாக் உள்ள சின்னக் கத்தின்னு சொன்னீங்க, என்னதுன்னு சொல்லுங்களேன். கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா? ஃப்ளைட்ல பிரச்சனை வருமா? நேபாளம் போனா ஒரு குக்ரி வாங்கிட்டு வரலாம்னு ஆசை, அதுவும் கேட்டுக்கிறேன்.

*

தம்பி, விரல் பத்திக் கேட்ட தங்கச்சிக்கு மொதல்ல, நல்லா மடங்குதும்மா, குளிர்ல மட்டும் நுனி கொஞ்சம் விறைக்கும்.

என்கிட்ட இருக்கிறது ஓபினெல் 8ஆம் நம்பர். பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சவ்வாங்கிற பகுதியில 1890ல ஜோசஃப் ஓபினெல் செய்ய ஆரம்பிச்ச கத்தி. அலகு எட்டரை சென்டிமீட்டர், பிடி மரம். கழுத்துல ஒரு வளையம் இருக்கும், அதைத் திருப்பினா அலகு மடங்காது, இந்த வளையம் 1955ல தான் வந்துச்சு. எனக்கு அந்த வளையம் தான் முக்கியம், காரணம் உனக்கே தெரியும். ஒரே குறை, மழையில மரம் ஊறிப் பருத்துகிட்டா கத்தியத் தெறக்க வராது, அதனால பிடியோட இடுக்குல எண்ணெய் விட்டு ஊற வச்சு எடுத்துட்டுப் போ. கார்பன், ஸ்டெயின்லெஸ் ரெண்டுலயும் வருது. கார்பன் சாணை பிடிக்க சுலபம், ஆனா எலுமிச்சம்பழம் வெட்டிட்டு தொடைக்காம வச்சா காலையில கறுத்திருக்கும், அஞ்சு நாள் ஈரத்துல துருவும் வரும். மொத தடவைன்னா ஸ்டெயின்லெஸ் வாங்கு. கத்திரிக்கு, விக்டோரினாக்ஸ் கிளாசிக்னு 58 மில்லிமீட்டர்ல சாவிக்கொத்துல மாட்டுற சைஸ்ல ஒண்ணு இருக்கு, அதுல இருக்குற குட்டிக் கத்திரி டேப்புக்கும் நகத்துக்கும் போதும். குழுவா போனா தங்கச்சி சொன்ன கத்திரி ஒண்ணு யார் பையிலயாவது இருக்கணும், இதை கெளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

மொன்னைக் கத்தி தான் கைய வெட்டும், அழுத்தம் குடுக்கும்போது வழுக்கும். கெளம்புறதுக்கு முன்னாடி சாணை பிடிச்சிரு. வழியில கூர் போச்சுன்னா லாட்ஜ்ல பீங்கான் கப்பு இருக்கும், கவுத்து வச்சா அடிவட்டம் பளபளப்பு இல்லாம சொரசொரன்னு இருக்கும், அதுல அலக லேசாச் சாய்ச்சு வச்சு ரெண்டு பக்கமும் பத்துப் பத்து தேய் தேச்சா தக்காளி அறுக்குற அளவுக்கு வந்துரும்.

ஃப்ளைட்ல கையில வச்சுக்குற பையில கத்தி போடவே கூடாது, செக்கின் பையில உறையோட துணி சுத்திப் போடு. நான் பாக்டோக்ரா ஏர்போர்ட்ல திரும்பும்போது மறந்து கைப்பையில வச்சு ஒரு நல்ல கத்திய எழந்திருக்கேன்.

குக்ரி பத்தி. இந்திய ஆயுத விதிகள்ல அலகு 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதப் பட்டியல்ல வரும்னு இருக்கு, அதுல குக்ரின்னு பேரே போட்டிருக்காங்க, வீட்டு வேலை, விவசாயம் மாதிரி வேலைக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு உண்டு. அதனால அளந்து பாத்து வாங்கு, வாங்கினா வீட்டுல வை, தேங்கா ஒடைக்க அருமையா இருக்கும். மலைக்கு வேண்டாம். காலிபோக்ரி போனா அந்த அக்கா கிட்ட கர்தாவக் காட்டச் சொல்லிப் பாரு, கூடவே சுர்ப்பி குடுப்பாங்க, அதை அப்படியே வாயில போட்டுக்கோ.