நடக்கத் தொடங்கியதும் சாப்பிட மறுக்கிறாள், என்ன செய்யலாம்?

கேள்வி – பாப்பாவின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. ஒன்பதாம் மாதம் வரை கிண்ணத்தைக் கண்டாலே வாயைத் திறந்தவள், சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைக்கக் கற்றுக்கொண்ட இந்த மூன்று வாரங்களாக உணவின் பக்கமே திரும்புவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்த மறுநொடி முதுகை வில்லாக வளைத்து இறங்கத் துடிக்கிறாள், கரண்டியைத் தட்டிவிடுகிறாள், வாய்க்குள் போனதையும் நாக்கால் வெளியே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆகவே அவள் போகுமிடமெல்லாம் கிண்ணத்தோடு பின்னாலேயே நடக்கிறோம், ஒரு வேளை உணவு முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கட்டியாகக் கொடுத்தால் உமட்டுகிறாள் என்பதால் இன்றுவரை எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்தே கொடுக்கிறேன். வாக்கர் வாங்கினால் சீக்கிரம் நடந்துவிடுவாள், அதிலேயே உட்கார வைத்து ஊட்டவும் செய்யலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1 – இரு பிள்ளைகளின் தாய்

சகோதரி, நடையைவிட மிக்சியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஏறத்தாழ எட்டு மாதத்திலேயே பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்து உண்ணத் தயாராகிவிடுகிறார்கள். பத்து மாதத்துக்குள் கட்டிகளுள்ள உணவைப் பழக்காமல் விட்டால் பின்னாளில் மெல்லும் உணவை ஏற்கச் சிரமப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. என் மூத்தவனும் அரைத்த கூழுக்கு வாயை இறுக்கிக்கொண்டவன்தான். ஒரு நாள் சலித்துப்போய் வாழைப்பழத் துண்டு ஒன்றை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். முதலில் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான், பிறகு முழுக் கையால் பிசைந்தான், விரல் இடுக்கில் வழிந்ததை நக்கினான், கடைசியில் மிச்சத்தைத் தானே வாயில் வைத்துக்கொண்டான். தரையையும் அவன் தலையையும் கழுவ வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பசி தானாக வரும்.

பதில் 2 – குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ள நாளில் 'பசி தானாக வரும்' என்று காத்திருக்கக் கூடாது.

உங்கள் பதிவில் என்னைக் கவலைப்பட வைத்தது, நடக்கும் குழந்தையின் வாயில் உணவு வைப்பதுதான். மென்றுகொண்டிருக்கும்போது தடுமாறி விழுந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். உமட்டலையும் அடைப்பையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். உமட்டும் குழந்தை ஓசை எழுப்பும், முகம் சிவக்கும், துண்டைத் தானே முன்னால் தள்ளிவிடும். அது பழகும் வழியில் இயல்பானது. மூச்சு முழுவதும் அடைபட்ட குழந்தையோ அழவோ இருமவோ முடியாமல் ஓசையின்றித் திணறும். அப்போது உடனே அவசர உதவியை அழைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்ட வேண்டும். பலனில்லையெனில் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். இதைப் பயிற்சி பெற்றவரிடம் நேரில் பழகிக்கொள்வது நல்லது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள், முழுக் கொட்டைகள் வேண்டாம், ஒரு வயது வரை தேனும் வேண்டாம்.

அளவைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. இந்த வயதில் எடை ஏறும் வேகம் முதல் மாதங்களைவிடக் குறைவு, எனவே பசியும் ஏறி இறங்கும். தாய்ப்பாலைக் குறைக்காதீர்கள், உணவு வேளைக்குச் சற்று முன்பு மட்டும் தவிர்த்துப் பாருங்கள். எடை குறைந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 3 – ஒரு தந்தை

வாக்கர் குறித்து மட்டும் சொல்கிறேன்: வாங்காதீர்கள். கனடா 2004ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு விழுவதும், எட்டாதென்று நாம் நம்பி வைத்த சூடான பாத்திரம் எட்டிவிடுவதும் அதனால் நேரும் ஆபத்துகள். நடையையும் அது விரைவுபடுத்துவதில்லை. அதில் தொங்கும் குழந்தைக்குத் தன் எடையைத் தானே தாங்கிச் சமன்செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. குழந்தை பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு, அருகில் ஒருவர் இருந்தால் அது பரவாயில்லை.

அவசரமும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு ஆய்வின்படி, நலமான குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிந்திருக்கிறது. 18 மாதமாகியும் நடக்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்குள் வெறுங்காலோடு விடுங்கள், மேசை முனைகளுக்கு உறை போடுங்கள். விழுவாள், 12 முதல் 19 மாதக் குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வில் மணிக்குச் சராசரியாக 17 முறை விழுந்தார்களாம்! என் மகன் விழும்போதெல்லாம் அழுவதற்கு முன் என் முகத்தைத்தான் பார்ப்பான்; நான் பதறாத நாளில் அவனும் அழவில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வாக்கர் வாங்கவில்லை. இன்று மதியம் விரலால் நசுங்கும் அளவுக்கு வேகவைத்த கேரட் ஐந்து துண்டுகளை வைத்தேன். இரண்டு உள்ளே போயின, ஒன்றுக்கு உமட்டினாள், நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன், அவளே துப்பிவிட்டாள். மற்ற இரண்டையும் இரவு குளிக்க வைக்கும்போது தலைமுடியில் கண்டெடுத்தோம்.