கவிதா கல்யாணம் (நம் வீட்டார் மட்டும்)

சித்ரா சித்தி: மண்டபத்தில் அம்மி இல்லையாம். யார் கொண்டு வருகிறீர்கள்? இன்றைக்கே சொல்லிவிடுங்கள்

மணி மாமா: போன தடவை நான்தான் தூக்கினேன். முதுகு இன்னும் சரியாகவில்லை

ராஜு பெரியப்பா: அம்மி கிடைக்கும், அருந்ததிதான் கிடைக்காது. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30. வைகாசியில் அந்த நட்சத்திரம் விடிவதற்கு முன்பே மறைந்துவிடும். சாஸ்திரிகள் வாசலில் நின்று கை காட்டும் நேரத்தில் அது வானத்திலேயே இருக்காது, அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். அதனால் முதல் நாள் வரவேற்பு முடிந்ததும் எட்டரை மணிக்கு மாடியில் வடக்கே பார்த்துக் காட்டிவிடலாம் என்கிறேன்

மீனா அத்தை: என் கல்யாணத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார்கள். நானும் தெரிகிறது என்றேன்

மணி மாமா: அதுதான் கடைசியாக மறுபேச்சு இல்லாமல் சொன்னது

கவிதா: எட்டரைக்கு போட்டோகிராபர் விடமாட்டார் பெரியப்பா

கார்த்தி: செயலியில் ஆல்கார் என்று போட்டிருக்கிறது, அதுவா?

ராஜு பெரியப்பா: அதேதான். சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நுனியிலிருந்து இரண்டாவது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாக இருப்பவள் அருந்ததி, நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமான இடைவெளி. ஒளி அளவு 4 (இந்த எண் கூடக்கூட மங்கல்), வசிஷ்டரில் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம்தான். ஆனால் மங்கல் என்று நினைக்காதீர்கள். ஏ5 என்ற, சூரியனைவிடச் சூடான வகை வெள்ளை நட்சத்திரம், சூரியனைப் போலவே இன்னும் ஹைட்ரஜனை எரிக்கும் பருவம், மேற்பரப்பில் 8,000 கெல்வின், சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஒளி. 82 ஒளியாண்டு தள்ளி இருப்பதால் நமக்கு இவ்வளவுதான்

கார்த்தி: 82ஆ? பாட்டி பிறந்தபோது கிளம்பிய வெளிச்சம்!

சித்ரா சித்தி: அம்மாவுக்கு 79

மீனா அத்தை: 79 பென்ஷன் புத்தகத்தில். நிஜ வயது 82, எனக்குத் தெரியாதா

சித்ரா சித்தி: உனக்குத் தெரியாதது எது அக்கா

ராஜு பெரியப்பா: அரபு நாடுகளில் கண்பார்வையைச் சோதிக்கவே இதைக் காட்டுவார்களாம். வசிஷ்டரே தொலைநோக்கியில் பார்த்தால் ஒருவரல்ல, இருவர். ஒளியைப் பிரித்து ஆராய்ந்தால் அந்த இருவரும் இரட்டை, ஆக மொத்தம் நான்கு நட்சத்திரம். அருந்ததியோடும் ஒரு சிவப்புக் குள்ளன் (சின்ன, மங்கலான நட்சத்திரம்) ஒட்டிக்கொண்டிருப்பது 2009இல்தான் தெரிந்தது

மீனா அத்தை: கூடவே ஒட்டிக்கொண்டிருந்தால் அது நாத்தனார்

சித்ரா சித்தி: 🙏

கவிதா: சரி, பத்து நிமிடம் கேட்டுப் பார்க்கிறேன். பட்டுப்புடவையோடு மாடி ஏறணுமா?

மணி மாமா: மாடிச் சாவி மேனேஜரிடம். அதற்கும் தனியாக ஏதாவது கேட்பார்

கார்த்தி: மேகம் வந்தால்?

மணி மாமா: தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே

சித்ரா சித்தி: அண்ணா, உங்கள் வீட்டில் சின்ன அம்மி ஒன்று இருக்குமே. குழவி வேண்டாம், கல் போதும்

ராஜு பெரியப்பா: இருக்கிறது. ஆனால் அதன் மேல்தான் தொலைநோக்கி நிற்கிறது. பார்க்கிறேன்