அவசரமாகத் தரையிறங்கும் விமானத்துக்காக விமான நிலையம் எப்படித் தயாராகிறது?

பொன்மலை வாசகி:

2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம், திரவ அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில் ஏற்பட்ட கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்துவிட்டு, இரவு எட்டேகால் மணியளவில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஆயுத பூஜை. படைத்த பொரிகடலையைக்கூட யாரும் தொடவில்லை. தெருவே மொட்டை மாடியில் நின்று, தெற்கே போய் மறையும் அந்தச் சிவப்பு விளக்கு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே 140-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

அன்று முதல் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையாக நின்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். இவையெல்லாம் செய்தி கிடைத்த பிறகு அவசரமாகத் திரட்டப்பட்டவையா, அல்லது யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே முடிவானதா? அக்காலத்தில் ஓடுபாதையில் தீயணைப்பு நுரை பரப்புவார்கள் என்று என் தந்தை சொல்கிறார். அன்று ஏன் அப்படிச் செய்யவில்லை?

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

சகோதரி, பெரும்பகுதி முன்பே முடிவானதுதான். விமான நிலையத் தீயணைப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விமானி கோளாற்றைத் தெரிவித்ததும், கட்டுப்பாட்டுக் கோபுரம் அதன் தீவிரத்தைப் பொறுத்து நிலையை அறிவிக்கும். சிறு கோளாறு என்றால் உள்ளூர் ஆயத்தநிலை. அப்போது பெரும்பாலும் நிலையத்தின் சொந்த வண்டிகள் மட்டுமே நகரும். விபத்து நேரக்கூடும் என்ற ஐயம் இருந்தால் முழு அவசரநிலை. அப்போது மாநிலத் தீயணைப்புத் துறை, மருத்துவமனைகள், காவல்துறை, மாவட்ட நிர்வாகம் என்று ஏற்கெனவே எழுதிவைத்த பட்டியலின்படி தகவல் போகும். எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு மணி அடித்த கையோடு நாங்கள் கேட்டு எழுதிக்கொள்பவை நான்கு: விமானத்தின் வகையும் கோளாறும், உள்ளே இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை, மீதமுள்ள எரிபொருள், ஆபத்தான சரக்கு ஏதேனும் உள்ளதா என்பது. பயணிகள் எத்தனை பேர் என்று கேட்க மாட்டோம். கைக்குழந்தையும் பணியாளரும் அந்தக் கணக்கில் விடுபட்டுவிடக்கூடும் என்பதால் உயிர்கள் என்றே கேட்போம்.

எவ்வளவு நீரும் எத்தனை வண்டிகளும் இருக்க வேண்டும் என்பதையும் நிலையம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, வந்துபோகும் விமானங்களின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்து நிலையங்கள் 1 முதல் 10 வரை வகைப்படுத்தப்படுகின்றன. 39.5 மீட்டர் நீளமுள்ள போயிங் 737-800 ஏழாம் வகையில் வரும். அதற்குக் குறைந்தது இரண்டு மீட்பு வண்டிகள் வேண்டும். பரவலாகப் பயன்படும் நடுத்தர வகை நுரை என்றால் 12,100 லிட்டர் நீர் வேண்டும். ஓடுபாதையின் எந்த மூலைக்கும் முதல் வண்டி மூன்று நிமிடத்துக்குள் போய் நுரை பீய்ச்சியாக வேண்டும். விமானத்தின் உடல் தீயைத் தாங்கும் நேரம் மிகக் குறைவு என்பதால்தான் இத்தனை கெடுபிடி.

விமானம் இறங்குவதற்கு முன்பே வண்டிகள் ஓடுபாதையின் ஓரத்தில் தனித்தனி இடங்களில், இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருக்கும். விமானம் கடந்து போனதும் பின்தொடரும். நின்றுவிட்ட விமானத்தில் முதலில் பார்ப்பது சக்கரங்களைத்தான். கடுமையாகப் பிரேக் போட்டதில் அவை கொதித்திருக்கும், சில நேரம் வெடித்து விளிம்பின் துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும். ஆகவே சூடான சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் நெருங்க வேண்டும், பக்கத்திலிருந்து ஒருபோதும் கூடாது. பயிற்சியில் இதை எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி மனத்தில் பதியவைத்தார்கள்.

வானோடி:

நுரை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். உங்கள் தந்தை சொல்வது உண்மை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே 1966-ல் அதைப் பரிந்துரைத்து, 1987-ல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஓடுபாதையில் நுரையைக் கொட்டிவிட்டால், உண்மையில் தீப்பற்றும்போது வண்டியில் நுரை இருக்காது, மீண்டும் நிரப்ப நேரம் பிடிக்கும். விமானம் சரியாக அந்த இடத்தில்தான் இறங்கும் என்பதற்கும் உறுதியில்லை. சக்கரங்களின் பிடிமானமும் குறையும்.

திருச்சி விமானம் அவ்வளவு நேரம் சுற்றியதைப் பார்த்துப் பலர் பதறினார்கள். அது போயிங் 737. அந்த வகையில் எரிபொருளை வானில் வெளியேற்றும் அமைப்பு கிடையாது. நெடும்பயணத்துக்கு நிரப்பிய எடையோடு உடனே இறங்குவதைவிட, பறந்து எரித்து எடையைக் குறைத்த பின் இறங்குவதே பாதுகாப்பு. அந்த நேரமே கீழே இருப்பவர்களுக்கும் ஆயத்தமாக உதவியது.

செவிலியர் மதுரை:

மருத்துவத் தரப்பிலிருந்து ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் வானில் ஒரு என்ஜின் சிதறியதால் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் இழந்த டிசி-10 விமானம் தரையில் மோதி உடைந்தது. உள்ளே இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். என்ஜின் சிதறியதிலிருந்து சுமார் 44 நிமிடம் கிடைத்தது. மாலை நான்கு மணி, பணி மாறும் நேரம் என்பதால் மருத்துவமனைகளில் இரு முறையினரும் இருந்தார்கள், இது அதிர்ஷ்டம். ஆனால் அதே ஊரில் 1987-லேயே பெரிய விமானம் ஒன்று விழுந்ததாக வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்தியிருந்தார்கள் என்பதை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஒத்திகையில் நாங்கள் கற்பது, காயமடைந்தோரைக் களத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு அட்டைகள் கட்டிப் பிரிப்பது. பிரிக்காமல் விட்டால், நடக்க முடிந்தவர்கள் முதலில் வந்து அருகிலுள்ள மருத்துவமனையை நிறைத்துவிடுவார்கள். உடனே சிகிச்சை தேவைப்படும் சிவப்பு அட்டைக்காரருக்குப் படுக்கை இருக்காது.

பொன்மலை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, ஒத்திகைகளால் உண்மையிலேயே ஏதேனும் மாறியதை நீங்கள் நேரில் கண்டதுண்டா?

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

கண்டிருக்கிறேன், சகோதரி. முழு அளவிலான ஒத்திகை இரண்டு ஆண்டுக்குள் ஒருமுறையாவது நடந்தாக வேண்டும் என்பது விதி. நான் பணிபுரிந்த ஒரு நிலையத்தில், பெயர் வேண்டாம், வெளியிலிருந்து வந்த ஆம்புலன்ஸ்கள் சுற்றுச்சுவரின் அவசர வாயிலில் ஒன்பது நிமிடம் நின்றன. பூட்டின் சாவி வைத்திருந்தவர் முனையத்தின் மறுகோடியில் இருந்தார். காயமடைந்தவர்களாக நடிக்க அட்டை கட்டிக்கொண்டு வெயிலில் படுத்திருந்த கல்லூரி மாணவர்கள் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அந்த வாரமே ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் எல்லா வாயில்களின் சாவிக்கொத்தும், பூட்டை அறுக்கும் கத்திரியும் தொங்கவிடப்பட்டன. நிலையத்தையும் சுற்றுப்புறத்தையும் எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்த வரைபடம் எங்களிடம் மட்டும் இருந்ததும் அன்றுதான் வெளிப்பட்டது. அதன் பிரதிகளை மருத்துவமனைகளுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கும் கொடுத்தோம். அடுத்த ஒத்திகையில் வண்டிகள் வருவதற்குள் வாயில் திறந்திருந்தது.