கைக்கு வந்தும் கெட்டுப்போன அந்த ஒரு படம்

ஐஸ்பெட்டி எழுதியது:

காசிமேடு, விடியற்காலை நாலரை. ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு அம்மா வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்குகிறார். செதிலில் ஒட்டியிருந்த ஐஸ் தூள் பல்பு வெளிச்சத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறது. பின்னால் விலை கேட்டு நீளும் கைகள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குறுக்கே மூன்று நான்கு கருப்புப் பட்டைகள்.

யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாதென்று வைத்த சைலண்ட் ஷட்டர் செய்த வேலை. அதில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படும், சாதாரண கேமராக்களில் முழுதும் படித்து முடிக்க நொடியில் இருபதில் அல்லது முப்பதில் ஒரு பங்கு பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்ஈடி பல்பு நொடிக்கு 100 தடவை மங்கித் துலங்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடி வைத்தால் சில வரிகளுக்கு வெளிச்சம் கிடைக்கும், சில வரிகளுக்குக் கிடைக்காது.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி 1/100 அல்லது 1/50 வையுங்கள். மெனுவில் பல்பின் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்ட்டி ஃபிளிக்கர் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். 1/100-இல் ஆடும் கை கலங்கும், ஆனால் மீனைத் தூக்கிய கை உச்சியில் ஒரு கணம் நிற்கும், அமுக்க வேண்டிய நேரம் அதுதான். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 வரை ஏறும், ஏறட்டும். ஏலக் கூச்சலில் ஷட்டர் சத்தம் யார் காதிலும் விழாது.

ஈரக்காற்று எழுதியது:

பட்டை சரி. அதே இடத்தில் முதல் பத்து நிமிடப் படமெல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்திருக்குமே, அதை ஏன் விட்டீர்கள்? ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த லென்ஸைக் கடற்கரைக் காற்றுக்கு எடுத்தால், அங்கே 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் ஈரம் நீராகப் படியும். துடைத்தால் மறுபடி படியும், துணியில் உப்பு மண் இருந்தால் கீறலும் விழும். முந்தின இரவே பையை ஏசி இல்லாத அறையில் வையுங்கள். மறந்துவிட்டால், ஜிப் உறையில் காற்று புகாமல் மூடிக் கொண்டுபோய் அரை மணி நேரம் திறக்காதீர்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், லென்ஸை அரிசி டப்பாவில் வைக்காதீர்கள். அரிசி மாவுதான் உள்ளே போகும். ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பா, கால் கிலோ சிலிக்கா ஜெல், முந்நூறு ரூபாய்க்குள் ஒரு ஈரமானி. முள் 40 சதவீதத்துக்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸ் (பூஞ்சை) வரும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்துத் திரும்பப் போடலாம், ஆனால் அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் தட்டில் கொட்டாதீர்கள். ஆரஞ்சு ஜெல் வாங்கினால் அந்த வம்பே இல்லை. டப்பாவை ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒரு முறை பாருங்கள். லென்ஸை மாதக்கணக்கில் பூட்டியும் வைக்காதீர்கள், வெளிச்சமும் காற்றோட்டமும் படாத கண்ணாடியில்தான் ஃபங்கஸ் நூல் நூலாக ஓடும்.

வாடிவாசல் எழுதியது:

பாலமேடு ஜல்லிக்கட்டு, மாட்டுப் பொங்கல் அன்று. ஒரு காரி, அதாவது கருப்புக் காளை, வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டிப் பார்க்கிறது. மூக்கில் மண், கண்ணில் வெயில். அடுத்த நொடி பாய்ச்சல். கேமராவோ 'பிஸி' என்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது.

முந்தைய மாட்டுக்கே விரலை எடுக்காமல் அமுக்கியதன் கூலி. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 25, 30 எம்பி இருக்கும். வி30 என்று போட்ட மெமரி கார்டு உறுதி தருவது நொடிக்கு 30 எம்பிதான். அதாவது நொடிக்கு ஒரு படம். கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பிவிட்டால் கார்டு எழுதும் வேகத்துக்குத்தான் கேமரா ஓடும். ராவும், சுருக்கிய ஜேபெக்கும் சேர்த்து எழுதினால் இன்னும் மோசம். இங்கே ஜேபெக் போதும், அதுவும் மூன்று மூன்று படமாக.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்ச அளவை, கேமரா கையில் விடாதீர்கள். காரி ஃபிரேமை அடைத்தால் வெளிச்சத்தைக் கூட்டும், அடுத்து வெளிர் நிற மயிலை வந்தால் குறைக்கும். வெயில் ஒன்றுதானே? ஐஎஸ்ஓ 400, லென்ஸ் துளை எஃப்/8, 1/1250, மேனுவல். தொடர் ஃபோகஸ், நடுப்புள்ளி மட்டும். எல்லாப் புள்ளியையும் திறந்துவிட்டால் முன்னால் இருக்கும் தடுப்புக் கட்டையைத்தான் பிடிக்கும்.

கருங்கல் எழுதியது:

வாடிவாசல் அண்ணே, "வெயில் ஒன்றுதானே" என்பது களத்துக்குச் சரி. தஞ்சாவூர் பெரிய கோயில் முற்றத்தில் மதியம் ஒரு மணிக்குச் சொல்லிப் பாருங்கள். வானம் வெள்ளைத் தாள், கருவறை மேலுள்ள விமானத்தின் நிழல் பக்கம் கரி. நடுவில் ஒரு சின்னப் பெண் சூட்டுத் தரையில் ஒற்றைக் காலில் குதித்து நிழலுக்கு ஓடுகிறாள், பாவாடை மட்டும் காற்றில் நிற்கிறது. மேனுவலில் வானத்தைப் பிடித்தால் அவள் நிழலுருவம், அவளைப் பிடித்தால் வானம் போச்சு.

1858இல் ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் இதே இடத்தில் நின்றவர். கண்ணாடித் தகடு இல்லை, மெழுகிட்ட காகித நெகட்டிவ். அதில் வானம் வெளுத்துப் போகும் என்று தெரிந்தே நெகட்டிவில் மேகத்தைக் கையால் தீட்டினார். கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவில் எடுத்து, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக ஒட்டினார். செல்பேசியில் பனோரமா பிசகினால் சலித்துக்கொள்கிறவர்கள் அதை ஒரு முறை பார்க்கலாம்.

நாம் செய்யக்கூடியது: ஓடும் ஆள் இருந்தால், பல வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் எச்டிஆர் வேண்டாம், பேய் மாதிரி இரண்டு கால் முளைக்கும். ராவில், வானம் வெளுத்துப் போகாத அளவுக்கு ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) குறைத்து எடுத்து, நிழலை அப்புறம் தூக்குங்கள். முக்காலிக்குத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். கோயில் கிழக்கு பார்த்தது, முகப்புக்குக் காலை வெயில், பின்பக்கத்துக்கு மாலை வெயில். மதியம் போய்விட்டு வெயிலைத் திட்டுவதில் நியாயமில்லை.

நீலத்தார்ப்பாய் எழுதியது:

பெரியவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. புதிதாக வருகிற தம்பி தங்கைகள் பாதிப்பேர் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் கார்த்தியே பிரெசோன் பெயரைச் சொல்லிக் கருப்பு வெள்ளைக்கு ஓடுகிறார்கள். ரமணர் மறைந்த 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் இருந்தவர், மரியாதை உண்டு. ஆனால் பலர் ஓடுவதன் காரணம் வேறு: கோயம்பேட்டில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் பூக்காரம்மா முகம் நீலமாகிவிட்டது, சரிசெய்யத் தெரியவில்லை, நிறத்தை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டு ஒளிப்படக்காரர் ரகுபீர் சிங் வாழ்நாள் முழுக்க நிறத்தில்தான் எடுத்தார். அம்பாசிடர் கார் கதவையும் கண்ணாடியையுமே சட்டகமாக வைத்தார். மாநகரப் பேருந்து ஜன்னல் கம்பி நமக்கு ஓசியில் கிடைக்கிறது.

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஏ4 தாளை முகத்தருகே பிடித்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைக்கலாம். பக்கத்தில் மஞ்சள் பல்பும் எரிந்தால் அது பலிக்காது, கன்னம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அப்போது தார்ப்பாய் முடிகிற ஓரத்துக்குப் போய், திறந்த பக்கம் முகம் திரும்பும்வரை நில்லுங்கள்.

பிரெசோனிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகத்தை. 18-55 கிட் லென்ஸ், ஏபிஎஸ்-சி (சற்றுச் சின்ன சென்சார்) கேமரா: 18 மில்லிமீட்டரில் எஃப்/8 வைத்து 2 மீட்டரில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்குத் தள்ளுங்கள். 1 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். நிழலான சந்தில் 1/250க்கு ஐஎஸ்ஓ 1600 பிடிக்கும். பிறகு ஜூமைத் தொடாதீர்கள். பல மிரர்லெஸ் கேமராக்களில் அணைத்துப் போட்டால் ஃபோகஸ் பழைய இடத்தில் இருக்காது, அதனால் அணைக்காமல் நடந்து பேட்டரி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்பெட்டி எழுதியது:

நீலத்தார்ப்பாய், கருப்பு வெள்ளையில் பட்டையும் கொஞ்சம் அடங்கித் தெரியும், எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள்.

அந்த வஞ்சிரத்து அம்மாவுக்குப் பிரிண்ட் கொடுக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 4×6 தாள் 3:2 அளவு. செல்பேசிப் படம் 4:3. கடையில் அப்படியே கொடுத்தால் படுக்கைவாட்டப் படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், தலை போனாலும் போகும். வெள்ளை ஓரம் விட்டு முழுப்படமும் வரட்டும் என்று சொல்லிக் கொடுங்கள். தாள் பளபளப்பில்லாத மேட் ரகமாக இருக்கட்டும், பளபளக்கும் கிளாசியில் மீன் கை பட்டால் ரேகை அப்படியே நிற்கும்.