கோர்ஸ் முடித்தால் எட்டு போட வேண்டாமா?

திருவொற்றியூர்க்காரி:
எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வந்துவிட்டது. ஸ்கூட்டர் நன்றாக ஓட்டுவேன், கியர் வண்டி புதுசு. தேரடி பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் விசாரித்தால், "எங்ககிட்ட கோர்ஸ் முடிச்சா டெஸ்ட்டே கிடையாது மேடம்" என்கிறார்கள். நம்பலாமா? ஸ்கூட்டரிலேயே எட்டு போட்டுவிடு, சுலபம் என்று வீட்டில் வேறு ஒரே பேச்சு.

தண்டையார்பேட்டை தம்பி:
அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள் அக்கா. 2021 ஜூலையில் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் முடித்தவர்கள் ஆர்டிஓ முன்னால் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மையத்துக்குச் சொந்த டிராக், சிமுலேட்டர் எல்லாம் இருக்க வேண்டும், தெருமுனையில் ஒரு மேசை போட்டு நடத்துகிற ஸ்கூல் அதில் சேராது. அங்கீகாரம் பெற்ற மையத்தில் தரும் சான்றிதழ் படிவம் 5-பி, சாதாரண ஸ்கூலில் வெறும் படிவம் 5. எதைத் தருவீர்கள் என்று கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும்.

வியாசர்பாடி மெக்கானிக்:
ஸ்கூட்டரில் போட்டால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ். எல்எல்ஆரில் எந்த வகை என்று முதலில் பாருங்கள். எடுத்து 30 நாள் ஆனபிறகுதான் டெஸ்ட். எட்டு ஒன்றும் பூதம் இல்லை: ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச் பாதி பிடித்தபடி, பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் அடுத்த வளைவில். வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஹேண்டில் மடங்கும், கால் தானாகத் தரைக்குப் போகும், போனால் ஃபெயில். அப்புறம் குறைந்தது 7 நாள் காத்திருக்க வேண்டும்.

காசிமேடு அக்கா:
எட்டை விடும்மா, அதற்கப்புறம் நீ ஓட்டப் போவது எண்ணூர் ஹைரோட்டில். ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் வண்டிக்கு இடது பக்கம் சந்து இருக்கிறதே என்று நுழையவே நுழையாதே. அது திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், முன்னால் போகும் வண்டித் தலையை (டிரைவர் கேபினை) மட்டும் பார்த்து இடம் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. ஓரத்து மணலில் சடாரென்று பிரேக் போடாதே. இதையெல்லாம் ரோட்டில் கூட்டிப்போய்ச் சொல்லித்தருகிற ஸ்கூலாகப் பார், மைதானத்தில் மட்டும் சுற்றவிட்டால் காசு தண்டம்.

திருவொற்றியூர்க்காரி:
போன் போட்டுக் கேட்டேன். "ஃபார்ம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்கிறார்கள், படிவ நம்பரைச் சொல்ல வாய் வரவில்லை. சரி, வேறு இடம்தான். கொடுங்கையூர், எம்கேபி நகர் பக்கம் பெண்களே கியர் வண்டி சொல்லித்தரும் இடம் யாருக்காவது தெரியுமா?