ஹிப் அப்டக்‌ஷன் மெஷின்: டூயலா, தனியா, நின்னு செய்றதா?

புதுஜிம்_திண்டுக்கல்:
1,800 சதுர அடி ஹால். காலையில லேடீஸ் பேட்ச், சாயங்காலம் எல்லாருக்கும். இடுப்புப் பக்கவாட்டுக்குன்னு ஒரே ஒரு மெஷின் வைக்கத்தான் இடம். உள்தொடை, வெளித்தொடை ரெண்டும் செய்ற டூயலா, அப்டக்‌ஷன் (காலை வெளிப்பக்கம் விரிக்கிறது) மட்டுமா, இல்ல எடை பிளேட் மாட்டி நின்னு செய்ற மாடலா? டீலர் மூணையும் ஒரே மாதிரி புகழ்றார். 100 கிலோ ஸ்டாக்கைத்தான், அதாவது எடைத் தட்டு அடுக்கைத்தான், பெருசா பேசுறார்.

கணக்குப்புள்ள:
டூயல் எடுங்க, யோசிக்கவே வேணாம். ஒரு ஸ்டாக், ஒரு ஃப்ரேம், ரெண்டு வேலை. தனித்தனியா வாங்கினா இடமும் காசும் ரெட்டிப்பு. உள்தொடைக்கு மெஷின் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் லேடீஸ் பேட்ச்ல பாதிப் பேர் சேருவாங்க.

ஸ்பேனர்17:
கணக்குப்புள்ள சொல்றது வாங்குற அன்னிக்குச் சரி. டூயல்ல முட்டி பேடை உள்ளேருந்து வெளியே திருப்பணும். அந்தத் திருப்புற இடத்துலயும் பாப்-பின்லயும்தான் (இழுத்து விட்டா ஓட்டையில பூட்டுற ஸ்பிரிங் பின்) முதல் கோளாறு வரும். பின் முழுசா உட்காராமலே ஆள் அழுத்திடுவாங்க, ஓட்டை முட்டை வடிவமா தேயும், அப்புறம் பேட் தானா சுத்தும். ஷோரூம்ல பேடோட நுனியைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டிப் பாருங்க. புது மெஷின்லயே ஆட்டம் இருந்தா கிளம்பி வந்துடுங்க. பிவட்ல (கை சுழல்ற அச்சு) வெறும் புஷ்ஷா (உள்ள உருளை இல்லாத வளையம்), மூடின சீல்டு பேரிங்கான்னும் கேளுங்க.

கணக்குப்புள்ள:
பேரிங் போட்ட டூயலும் கிடைக்குதே. மட்டமான டூயலையும் நல்ல தனி மெஷினையும் பக்கத்துல வச்சுப் பேசுறது நியாயமா?

நிமிர்ந்தநடை:
ரெண்டு பேரும் இரும்பையே பேசுறீங்க. குளூட்டியஸ் மீடியஸ், மினிமஸ்னு இடுப்புப் பக்கவாட்டுல இருக்குற ரெண்டு தசைக்கும் முக்கிய வேலை, ஒத்தைக் கால்ல நிக்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாம பிடிக்கிறது. அந்த வேலை நின்னு செய்யும்போதுதான் நேரடியா வருது, ஊணிய காலும் சேர்ந்து உழைக்கும். உட்கார்ந்து 90 டிகிரி மடக்கி விரிச்சா பிட்டத்தோட பெரிய தசை குளூட்டியஸ் மேக்ஸிமஸோட மேல்பகுதியும், அதுக்கு அடியில இருக்குற சின்ன தசை பிரிஃபார்மிஸும் நிறைய பங்கு எடுத்துக்கும். என் ஓட்டு நின்னு செய்றதுக்கு.

கணக்குப்புள்ள:
சார், சாயங்காலம் ஏழு மணிக் கூட்டத்துல அதை யார் ஒழுங்கா செய்வாங்க? உடம்பை எதிர்ப்பக்கம் சாய்ச்சு காலை வீசுவாங்க. பக்கத்துலயே கோச் நிக்கணும். உட்கார்ற மெஷின்னா புதுசா வந்தவங்க ரெண்டாவது நாளே தனியா செய்வாங்க. பிளேட் மாடல்ல இன்னொரு தொல்லை: வலது கால் முடிச்சு இடதுக்குத் திரும்பணும், நேரம் ரெட்டிப்பு.

நிமிர்ந்தநடை:
வீசுறது உண்மைதான். அப்போ கேபிள் ஸ்டேஷன்ல கணுக்கால் பட்டை மாட்டி நின்னு செய்றதைச் சொல்லிக் கொடுங்க, செலவு பட்டைக்கு மட்டும். மெஷின் உட்கார்றதாவே இருக்கட்டும். ஆனா பேட் எங்க அழுத்துதுன்னு பாருங்க. முட்டிக்கு மேல, தொடையோட வெளிப்பக்கம் அழுத்தணும். முட்டிக்குக் கீழ கெண்டைக்காலை அழுத்துற டிசைன்னா பாரம் முட்டியோட பக்கவாட்டு லிகமெண்டுக்கு (எலும்பைச் சேர்த்துக் கட்டுற தசைநார்) போகும். ஐந்தடி உயரம் உள்ளவங்களை உட்கார வச்சுப் பாருங்க. கால் வைக்கிற கம்பி ரெண்டு உயரத்துல இல்லேன்னா காலைத் தொங்கவிட்டுத்தான் செய்வாங்க.

ஸ்பேனர்17:
இதுல நிமிர்ந்தநடை கட்சிதான் நானும். அதோட அந்த 100 கிலோவை மறந்துடுங்க. கீழ் எடையைப் பாருங்க. முதல் தட்டே 10 கிலோன்னா முட்டி வலியோட வர்ற அம்மாக்கள் ஒரு தடவை உட்கார்ந்துட்டு அப்புறம் கிட்டவே வரமாட்டாங்க. 5 கிலோவுல ஆரம்பிக்கணும், நடுவுல 2.5 கிலோ ஏத்துற வசதி இருக்கணும். இன்னொண்ணு, தட்டுல போட்டிருக்குற எண்ணும் பேட்ல வர்ற பாரமும் ஒண்ணு கிடையாது. புல்லி விகிதமும் கேமும் (வட்டமா இல்லாத சக்கரம்) சேர்ந்து அதை மாத்தும். அதனால ரெண்டு கம்பெனி ஸ்டாக்கை எண்ணை மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க.

சோதனை சுலபம். பின்னை மேல் தட்டுல மாட்டி, கையால மெதுவா விரிச்சு மெதுவா விடுங்க. தட்டு கீழ வர்றப்போ நின்னு நின்னு வந்தா கைடு ராடுல (தட்டு ஏறி இறங்குற கம்பி) உரசுது. சில சமயம் மெஷின் மேல தப்பே இருக்காது, தரை மட்டம் இருக்காது. ரசமட்டம் வச்சுப் பார்த்து அடியில ஷிம் (மெல்லிசான தகடு) கொடுத்தா சரியாயிடும். தட்டு முழுசா கீழ உட்கார்ந்த பிறகும் செலக்டர் பின் (எடையைத் தேர்ந்தெடுக்குற பின்) ஓட்டைக்கு நேரா வரலேன்னா கேபிள் டென்ஷன் தப்பு.

புதுஜிம்_திண்டுக்கல்:
நன்றி அண்ணா. ஒரு காலை விட இன்னொரு கால் முன்னாடி விரியுது, ஒரு டெமோ பீஸ்ல பார்த்தேன். அது ஃபால்ட்டா?

ஸ்பேனர்17:
அவசியமில்ல தம்பி. மெஷினோட ரெண்டு கையும் (பேட் மாட்டின ஆர்ம்) ஒரே கேபிள்ல, மிதக்குற, அதாவது ஒரே இடத்துல நிக்காம நகர்ற, புல்லி வழியா ஓடினா பலமான கால் முன்னாடி போகும். கியராலயோ லிங்காலயோ கோத்திருந்தா ரெண்டும் சேர்ந்தே விரியும்.

கணக்குப்புள்ள:
கமர்ஷியலுக்குக் கோத்ததே நல்லது, கம்ப்ளெயிண்ட் வராது.

நிமிர்ந்தநடை:
கோத்தா பலவீனமான கால் பலமான காலோட நிழல்ல ஒளிஞ்சுக்கும். எனக்கு மிதக்குறதுதான் பிடிக்கும். இதுல நாம ஒத்துப்போக மாட்டோம், விடுங்க.

ஸ்பேனர்17:
இடத்தை அளக்கும்போது மெஷினோட கை மூடின அகலத்தை அளக்காதீங்க. முழுசா விரிச்சு அளந்து, ஏறி இறங்குற பக்கம் அதுக்கு வெளியே 60 செ.மீ.யாவது விடுங்க. முகம் வாசலையோ டம்பெல் வரிசையையோ பார்க்காம, சுவர்ப் பக்கமா திருப்பிப் போடுங்க. நடைபாதையைப் பார்த்துப் போட்டா லேடீஸ் யாரும் உட்கார மாட்டாங்க, நீங்க வாங்கினதே அவங்களுக்காக.

கைடு ராடுக்கு உலர்ந்த துணி, அப்புறம் லேசா சிலிக்கான் ஸ்ப்ரே. கிரீஸும் தேங்காய் எண்ணெயும் வேணாம், தூசி அப்பிக்கும். வாரம் ஒரு தடவை கேபிள் மேல துணியை ஓட்டுங்க, நூல் மாட்டினா கம்பி அறுந்திருக்கு, அன்னிக்கே மெஷினை நிறுத்துங்க. கிரிம்ப் (கேபிள் நுனியை நசுக்கிப் பிடிச்சிருக்குற உலோகக் குழாய்) பக்கத்துலதான் முதல்ல விடும்.

கணக்குப்புள்ள:
பில்லுல ஒரு உபரி கேபிள் செட்டும் ரெண்டு முட்டி பேடும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. பேட் பின்னாடி போல்ட் போட்டதா இருக்கணும். ஒட்டினதுன்னா ரெக்ஸின் கிழிஞ்ச அன்னிக்கு மெஷினோட கையையே கழட்டி அனுப்பணும்.